மாட்டுக்குத் தோல் கழலை... பொறுமையும் மருந்துதான்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். ஒரு பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் சுற்றுவட்டாரத்து முந்திரிக் காடுகள். மழை ஏமாற்றினால் வெள்ளாமையும் ஏமாற்றிவிடும். ஆனால், கொட்டகையில் நிற்கிற ஒன்றிரண்டு கறவை மாடுகள் அப்படிக் கைவிடுவதில்லை. சொசைட்டியில் ஊற்றுகிற பாலுக்கு வரும் பணத்தில்தான் மளிகைக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மகளிர் குழுத் தவணை எல்லாம் ஓடுகின்றன.

அப்படிப்பட்ட மாட்டின் உடம்பில் ஒரு நாள் காலையில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் வீடே கலங்கிப்போகும். 'கொசு கடிச்சிருக்கும்' என்று முதல் நாள் விட்டுவிடுவார்கள். மறுநாள் மாடு தீவனத்தைத் தொடாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். உடம்பு அனலாகக் கொதிக்கும். பால் பாதியாகக் குறையும். அதற்குள் முடிச்சுகள் கழுத்து, முதுகு, மடி, கால் என்று பரவியிருக்கும்.

கால்நடைத் துறை இதைத் 'தோல் கழலை நோய்' என்கிறது. கிராமத்தில் 'மாட்டுக்கு அம்மை போட்டிருக்கு' என்பார்கள். மாடு வளர்ப்பவர்களின் மன உறுதியை இந்த அளவுக்குச் சோதிக்கிற தோல் நோய் வேறு இல்லை. காரணம், இது ஒரு வாரத்தில் ஆறுகிற சமாச்சாரம் கிடையாது.

எங்கிருந்து வந்தது?

1929-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில்தான் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது. பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மேற்கு ஆசியா, ஐரோப்பாவின் சில பகுதிகள் என்று நகர்ந்து, 2019-இல் ஒடிசா வழியாக இந்தியாவில் கால் வைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கோரத் தாண்டவம் ஆடியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன.

இதற்குக் காரணமான வைரஸ், ஆட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய பங்காளி. ஆனால், இது தாக்குவது பெரும்பாலும் மாடுகளைத்தான். எருமைக்குக் குறைவாகவே வரும். ஆடுகளுக்கு வரும் அம்மை வேறு. மனிதர்களுக்கு இது தொற்றாது. அதனால், மாட்டைத் தொட்டுப் பராமரிக்கப் பயப்பட வேண்டியதில்லை. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிப்பதாலும் ஆபத்து இல்லை.

கடிக்கிற ஈ, கொசு, உண்ணி ஆகியவைதான் இந்த நோயின் வாகனங்கள். ஒரு மாட்டைக் கடித்த ஈ அடுத்த மாட்டில் போய் உட்கார்ந்தாலே போதும். நோயுள்ள மாட்டின் எச்சில் பட்ட தண்ணீர்த் தொட்டி, தாயின் பால், பல மாடுகளுக்கு மாற்றாமல் பயன்படுத்திய ஊசி ஆகியவற்றாலும் பரவும். வடகிழக்குப் பருவமழை பெய்து, கொட்டகையைச் சுற்றி நீர் தேங்கி, கொசு பெருகும் நாள்களில் கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சாதாரணக் கொப்புளம் தோலின் மேலாக வந்து, உடைந்து, காய்ந்துவிடும். இந்தக் கழலை அப்படியல்ல. இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு முடிச்சும் தோலின் மேற்பரப்பிலிருந்து அடி வரைக்கும் ஊடுருவி நிற்கும். சில நாள்களில் முடிச்சின் நடுப்பகுதி செத்துப்போய், ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். அது மெதுவாக விளிம்பிலிருந்து பிரிந்து விழும்போது அங்கே ஒரு குழி உண்டாகும். பிறகு அந்தக் குழிக்குள் புதுச் சதை வளர்ந்து, தோல் மூட வேண்டும்.

இப்படி ஒன்றல்ல, ஓர் உடம்பில் நூற்றுக்கணக்கில்கூட வரலாம். ஒன்று ஆறும்போது இன்னொன்று உடையும். திறந்த குழியில் பாக்டீரியா புகுந்தால் சீழ் பிடிக்கும். ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். வைரஸ் உடம்பைவிட்டுப் போன பிறகும் மாட்டைப் படுத்துவது இந்தப் புண்தான். லேசாக வந்த மாடு சில வாரங்களில் தேறிவிடும். கடுமையாக வந்த மாட்டுக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

உதிர்ந்த பொருக்கும் லேசுப்பட்டதல்ல. காய்ந்த பொருக்கில் இந்த வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். வெயில் படாத, இருட்டான கொட்டகையில் இன்னும் நீண்ட நாள் தாங்கும். அதனால்தான் 'புண் ஆறிடுச்சு' என்று நினைத்திருக்கும்போது பக்கத்துக் கட்டுத்தறி மாட்டுக்குக் கழலை கிளம்புகிறது.

அம்மைக்கு ஊசி போடலாமா?

'அம்மை போட்டிருக்கும்போது ஊசி போட்டால் ஆத்தாவுக்குக் கோபம் வரும்' என்ற தயக்கம் பல வீடுகளில் இன்னமும் இருக்கிறது. மாரியம்மன் மேல் உள்ள பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மை கண்ட வீட்டில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வெளியாட்களை உள்ளே விடவில்லை. நோயாளியைத் தனியாகப் படுக்க வைத்தார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்தார்கள். எளிதில் செரிக்கிற உணவைக் கொடுத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை நாள் கணக்குப் பார்த்துப் பொறுமையாக இருந்தார்கள்.

மாட்டுக் கொட்டகைக்கும் இதே ஒழுங்குதான் தேவை. அதோடு டாக்டரின் ஊசியும் தேவை. இந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இதுவரை இல்லை. டாக்டர் போடும் ஊசிகள் காய்ச்சலையும் வலியையும் குறைக்கவும், புண்ணிலும் நுரையீரலிலும் பாக்டீரியா தொற்றாமல் தடுக்கவும்தான். மாடுகள் இறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத் தொற்றாலும், தீவனம் எடுக்காத பலவீனத்தாலும்தான். அந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் பிழைக்க வேண்டிய மாடும் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இரண்டு நாள் ஊசி போட்டும் முடிச்சு அமுங்கவில்லையே என்று அவசரப்பட்டு, மருந்துக்கடையில் கேட்டு வேறு ஆன்டிபயாடிக், அதுவும் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு என்று மாற்றிக்கொண்டே போவார்கள். ஸ்டீராய்டு மாட்டின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவிடும். டாக்டர் சொன்ன ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். பாதியில் நிறுத்துவதும், தானாக நீட்டிப்பதும் கூடாது. அந்த மருந்து போடுகிற நாள்களிலும், அதற்குப் பிறகு டாக்டர் குறிப்பிடும் நாள்கள் வரையிலும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

எல்லா முடிச்சும் கழலை அல்ல!

டாக்டர் வந்து பார்ப்பது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். ஒவ்வாமையால் திடீரென்று வரும் தடிப்பு சில மணி நேரத்திலேயே அடங்கிவிடும். படர்தாமரை வட்ட வட்டமாக முடி உதிர்ந்து, சாம்பல் பூத்ததுபோல இருக்கும். மழையில் நனைந்து நனைந்து தோல் ஊறிய மாடுகளுக்கு, முடியோடு சேர்ந்து கொத்துக் கொத்தாகப் பொருக்கு கிளம்பும் ஒரு பாக்டீரியாத் தொற்றும் உண்டு. பெயிண்ட் பிரஷ் முனைபோல முடி குத்திட்டு நிற்கும்.

இந்தக் கடைசி நோய் குதிரைகளையும் விடாது. சேணம் போடுகிற முதுகில் வந்துவிட்டால் குதிரைக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஊறவைத்துப் பொருக்கை மென்மையாக எடுத்து, கிருமிநாசினியால் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக் காயவிட வேண்டும். ஒரு குதிரைக்குப் போட்ட பிரஷையும் துணியையும் இன்னொன்றுக்குப் போட்டால் நோய் லாயத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மாடோ குதிரையோ, தோல் நோய் பிடிவாதம் பிடிக்கும்போது மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் போதாது. ஈரம், ஈ, அழுக்குத் துணி ஆகிய மூன்றையும் கவனித்தாக வேண்டும்.

கொட்டகையில் என்ன செய்ய வேண்டும்?

முடிச்சைப் பார்த்த அன்றே மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும். அதற்குத் தனித் தண்ணீர் வாளி, தனித் தீவனத் தொட்டி, தனிக் கயிறு. நல்ல மாடுகளுக்கு வேலை பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் நோயுள்ள மாட்டிடம் போக வேண்டும். கன்று இருந்தால் அதையும் தனியாகக் கட்டி, பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் புட்டியில் கொடுக்கலாம்.

வாயிலும் தொண்டையிலும் புண் இருந்தால் காய்ந்த தட்டையை மெல்ல முடியாது. இளம் பசும்புல்லைச் சிறிது சிறிதாக நறுக்கிக் கொடுக்கலாம். கம்பு, கேழ்வரகுக் கூழைக் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கலாம். 'பாவம், ஒன்றும் தின்னவில்லையே' என்று அரிசிக் கஞ்சியைக் குடம் குடமாக ஊற்றிவிடக் கூடாது. வயிற்றில் அமிலம் பெருகி, அதுவே தனி நோயாகிவிடும். குடிதண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கால் வீங்கிய மாடு படுத்தால் எழ முடியாமல் தவிக்கும். சிமென்ட் தரையில் விடாமல், உலர்ந்த வைக்கோலோ மணலோ பரப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புரட்டி விட வேண்டும்.

புண்ணைத் தினமும் பார்ப்பதுதான் முக்கிய வேலை. காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ, இளம் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரிலோ கழுவ வேண்டும். சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது, தானாக விழட்டும். டாக்டர் தந்த களிம்பையும் ஈ அண்டாத மருந்தையும் போட வேண்டும். ஒற்றிய துணியையும் உதிர்ந்த பொருக்கையும் எரித்துவிட வேண்டும்.

மாலையில் வேப்பிலை, நொச்சி இலை போட்டு மூட்டம் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால், மாட்டுக்கு மூச்சு முட்டாத அளவில் இருக்க வேண்டும். சாணக்குழியைத் தள்ளி அமைப்பது, தேங்கிய நீரை வடியவிடுவது, கொசுவலை கட்டுவது ஆகியவை மூட்டத்தைவிட அதிகம் பயன் தரும். தரையை 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவலாம்.

கைவைத்தியம் எதுவரை?

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இந்த நோய்க்கு மூலிகை மருத்துவக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. தஞ்சாவூரை மையமாகக்கொண்டு மரபுசார் கால்நடை மருத்துவத்தில் பல ஆண்டுகள் உழைத்த பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் பணி இதற்கு அடிப்படை. எல்லாம் நம் வேலியோரத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவைதான்.

உள்ளுக்குக் கொடுக்க: வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம். மூன்றையும் அரைத்து, வெல்லம் கலந்து, சிறிது சிறிதாக நாக்கில் தடவிக் கொடுக்க வேண்டும். இது ஒரு வேளைக்கான அளவு. முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் நாளிலிருந்து தினம் மூன்று வேளையாக இரண்டு வாரத்துக்கும் கொடுக்கலாம்.

புண்ணுக்குப் போட: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். இவற்றை அரைத்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்து, கழுவித் துடைத்த புண்ணில் தடவ வேண்டும். புழு வைத்திருந்தால், முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதையோ கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயையோ போட வேண்டும்.

இது டாக்டர் தரும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதற்கானது. மூச்சு வாங்குகிற, எழ முடியாமல் கிடக்கிற, சினையாக இருக்கிற மாட்டை வைத்துக்கொண்டு கைவைத்தியம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

விற்றுவிடலாமா என்று தோன்றும்போது...

இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் சோதனையான நேரம். பால் வருமானம் நின்றிருக்கும். மருந்துச் செலவு ஏறியிருக்கும். கொட்டகையில் வாடை அடிக்கும். 'இது தேறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடு' என்று யாராவது சொல்வார்கள். வியாபாரியும் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து நிற்பார்.

அந்த மாடு வண்டி ஏறினால் நோயும் சேர்ந்து ஏறும். மணப்பாறை போன்ற பெரிய சந்தைக்கு நாலா பக்கத்திலிருந்தும் மாடுகள் வரும், நாலா பக்கமும் போகும். ஒரு மாட்டின் மேல் உட்கார்ந்த ஈக்கு நூறு மாடுகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். 2022-இல் மகாராஷ்டிரம் மாட்டுச் சந்தைகளையும், மாடுகளை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்வதையும் தடை செய்தது இதற்காகத்தான்.

விற்பவருக்கும் அது நஷ்டக் கணக்குதான். பொதுவாக இந்த நோய் கண்ட 100 மாடுகளில் இறப்பவை ஒன்று முதல் ஐந்து வரைதான். பராமரிப்பு சரியாக இருந்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். தேறிய மாட்டுக்கு நீண்ட காலம் எதிர்ப்புச் சக்தியும் இருக்கும். உடம்பில் தழும்பு நிற்கும் என்பது உண்மை. ஆனால், மடியில் புண் இறங்காமல் காப்பாற்றிவிட்டால் அடுத்த ஈற்றில் பால் கறக்கத் தழும்பு தடையில்லை.

அப்படியும் ஒரு மாடு இறந்துவிட்டால் ஓடையிலோ ஏரியிலோ போடக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ஆட்டின் ஊசி... குதிரை மையத்தின் கண்டுபிடிப்பு!

ஒரு காலத்தில் மனிதர்களின் பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தது கன்றுகளின் தோல்தான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் தோன்றியதே அந்த மருந்தைத் தயாரிப்பதற்காகத்தான். 1980-இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதனின் அம்மையை ஒழிக்க உதவிய மாட்டுக்கு இப்போது ஓர் அம்மை வந்தபோது, கை கொடுத்தது ஆடு. இரண்டு வைரஸும் பங்காளிகள் என்பதால், ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் இந்தியா முழுக்க மாடுகளுக்குப் போட்டார்கள்.

இந்த நோய்க்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கியது, ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். குதிரைக்கு இந்த நோய் வராது. ஆனாலும், வைரஸ்களைக் கையாள்வதில் அனுபவம் பெற்ற அந்த மையத்தின் விஞ்ஞானிகள், 2019-இல் ராஞ்சியில் மாட்டிடமிருந்து எடுத்த வைரஸைப் பலமுறை வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் அறிமுகமானது. அதன் அடிப்படையில் கர்நாடகத்தின் பயோவெட் நிறுவனம் தயாரித்த தடுப்பூசிக்கு 2025-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமமும் கிடைத்தது.

எந்தத் தடுப்பூசியாக இருந்தாலும், நோய் வருவதற்கு முன்பே போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதனால், மழைக்காலம் தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல், பால் கொஞ்சம் குறைவது ஆகியவை இயல்பு. அதற்குப் பயந்து முகாம் நாளன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி போடச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மனதில் பதிக்க...

* முடிச்சு, காய்ச்சல், பால் குறைவு மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அன்றே அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கு 1962.

* வளர்ப்பு முறை, மூலிகை மருந்து பற்றிய சந்தேகங்களுக்கு: பெரம்பலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டம் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன.

* நோயுள்ள மாட்டைச் சந்தைக்கோ, பொது மேய்ச்சலுக்கோ, ஏரித் தண்ணீருக்கோ ஓட்டாதீர்கள்.

* புதிதாக வாங்கிவந்த மாட்டை ஒரு மாதமாவது தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு மற்ற மாடுகளோடு சேருங்கள்.

* பக்கத்து வீட்டு மாட்டுக்கு வந்தால் மறைக்கச் சொல்லாதீர்கள். ஒரு கொட்டகையில் மறைத்த நோய் ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

குழி விழுந்த புண்ணில் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை வளர்கிறதா என்று தினமும் பாருங்கள். வளர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மீதியை மாட்டின் உடம்பே பார்த்துக்கொள்ளும். அதுவரை ஈ மொய்க்காமலும், ஈரம் தங்காமலும், வியாபாரி வண்டி வாசலுக்கு வராமலும் பார்த்துக்கொள்வது நம் வேலை!